பள்ளிக்கூடத்தை யார் கூட்டுவது?



'முற்போக்குப் பள்ளிகளும் மாணவர் செயல்திட்டங்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் இதைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தபோது என் மனம் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளிக்கூடத்தை யார் கூட்டுவது? காலை மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பறையைக் கூட்டுவது யார்? மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது யார்? கழிப்பறையைக் கழுவுவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், ஒரு பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்பதில் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஊரில் பழனி சாலை, நத்தம் சாலை, கரூர் சாலை எங்கே பார்த்தாலும் பள்ளிக்கூட விளம்பரம். ரோபோட்டிக்ஸ் உண்டு, அபாகஸ் உண்டு, சிலம்பம் உண்டு, நீச்சல் உண்டு, மாடித் தோட்டம் உண்டு. உண்டு, உண்டு, உண்டு! பெற்றவர்கள் நகையை அடகு வைத்தாவது அங்கே சேர்க்கத் துடிக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. தன் பிள்ளை தன்னைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத தாய் உண்டா? ஆனால் இத்தனை 'உண்டு'களுக்கு நடுவில், பிள்ளைக்குக் கல்வி உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைக் கண்டுபிடிக்க ஒரு உரைகல் வேண்டும்.

அந்த உரைகல்லுக்காக நீங்கள் பின்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை சாலையில் பஸ் ஏறினால் போதும். அரை மணி நேரத்துக்குள் சின்னாளபட்டி வந்துவிடும். சிறுமலையின் அடிவாரத்தில் காந்தி கிராமம் இருக்கிறது. நம்மில் பலர் அதை ஒரு பல்கலைக்கழகமாக மட்டும் அறிவோம். அது ஒரு பெரிய கல்விச் சோதனையின் களம் என்பதை மறந்துவிட்டோம். அந்தச் சோதனையில் முதலில் படித்த பிள்ளைகளில் பெரும்பகுதி தமிழ்ப் பிள்ளைகள் என்பதையும் மறந்துவிட்டோம்.

ஆமாம், தமிழ்ப் பிள்ளைகள்தான். ஆனால் திண்டுக்கல்லில் இல்லை, தென்னாப்பிரிக்காவில்!

1910ஆம் ஆண்டு. ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே 1,100 ஏக்கர் நிலம். ஹெர்மன் காலன்பாக் என்கிற கட்டடக்கலைஞர் தன் நண்பர் காந்திக்குக் கொடுத்த நிலம் அது. சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். டால்ஸ்டாய் பண்ணை என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இல்லை. வாத்தியாரை வைக்கப் பணமும் இல்லை. காந்தியும் காலன்பாக்கும் தாங்களே வாத்தியார் ஆனார்கள். காந்திக்குத் தெரிந்த தமிழ் எவ்வளவு? கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்த தமிழ்தான். அதை வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்!

அந்தப் பண்ணையில் வேலைக்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது. சமையல் முதல் மலம் அள்ளுவது வரை எல்லாவற்றையும் அங்கே இருந்தவர்களே செய்தார்கள். காலையெல்லாம் மண்ணில் வேலை, மத்தியானத்துக்கு மேல் வகுப்பு. வகுப்பில் தூக்கம் சொக்கும். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, சொல்லிக்கொடுக்கிற காந்திக்கும் சொக்கும். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அங்கே ஒரு விதி. வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று பேசப்போவதெல்லாம் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

அங்கே இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் பார்சிப் பிள்ளையும் ஒன்றாகத் தோண்டினார்கள், ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாகத் தின்றார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1937 அக்டோபரில், வார்தாவில் ஒரு மாநாட்டைக் கூட்டி, இதையே ஒரு கல்வித் திட்டமாக காந்தி நாட்டின் முன் வைத்தார். ஆதாரக் கல்வி என்று நாம் சொன்னது அதைத்தான். ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை கட்டணமில்லாத படிப்பு. தாய்மொழியில் படிப்பு. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் வளர வேண்டும். திட்டத்தை வகுத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே ஜாகிர் உசேன்தான். அந்தக் குழுவிலும் நம்மவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம் இருந்தார். தாகூரிடம் செயலராக இருந்தவர் இந்த ஆரியநாயகம். அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும்தான் பிறகு சேவாகிராமத்தில் இந்தக் கல்வியை நடத்திக் காட்டினார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்!

டி.வி. சுந்தரம் அய்யங்காரை உங்களுக்கெல்லாம் தெரியும். டி.வி.எஸ். பஸ்ஸை ஓட்டியவர். அவருடைய மகள் சௌந்தரம். சிறு வயதிலேயே திருமணம், இளம் வயதிலேயே கணவரின் மரணம். அந்தக் காலத்தில் அந்தக் குலத்தில் ஒரு விதவைக்கு வாழ்க்கை என்றால் என்ன என்று நான் விவரிக்க வேண்டுமா? அந்தப் பெண் டெல்லிக்குப் போய், லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பிறகு ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1940இல், சாதி கடந்து, சேவாகிராமத்தில், காந்தியின் ஆசியோடு நடந்த மறுமணம் அது. ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர். சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்துவிட்டு சபர்மதியில் காந்தியிடம் போனவர். பாட்டும் ஓவியமும் அறிந்தவர், ராட்டையும் அறிந்தவர். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன பிறக்கும்?

காந்தி கிராமம் பிறந்தது. சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1947 அக்டோபர் 7. சின்னாளபட்டியில் இரண்டு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ இல்லம் வளர்ந்து கஸ்தூர்பா மருத்துவமனை ஆனது. ஆதாரப் பள்ளியும், ஆசிரியர் பயிற்சியும், கதர் உற்பத்தியும், அனாதைக் குழந்தைகளுக்கு இல்லமும் ஒவ்வொன்றாக வந்தன. 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் வந்தது, அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தனியார் அறக்கட்டளை ஒன்று, அரசு உத்தரவுக்குக் காத்திராமல், தானாக முன்வந்து கட்டிய பள்ளிகள் இவை. தனியார் பள்ளி என்றாலே கட்டணம் என்று நமக்கு இன்று காதில் விழுகிறது. ஒரு காலத்தில் திண்டுக்கல் சீமையில் அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருந்தது.

சரி, ஆதாரக் கல்வி, ஆதாரக் கல்வி என்கிறோமே, வகுப்பறைக்குள் அது எப்படி நடந்தது? வாருங்கள், ஒரே ஒரு பாடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

பிள்ளையின் கையில் ஒரு தக்ளி. ஒரு சாண் நீளக் கம்பி, அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு. இடது கையில் பஞ்சு. தக்ளியைச் சுழற்றிவிட்டுப் பஞ்சை மெதுவாக மேலே இழுத்தால் நூல் இறங்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். தயங்கினால் தடித்துவிடும். பிள்ளை நூற்கிறது, சுற்றுகிறது, 840 கெஜம் ஆனதும் அது ஒரு சிட்டம். இப்போது தராசில் வைக்கிறது. ஒரு அவுன்ஸ் இருக்கிறது. ஒரு பவுண்டு என்பது பதினாறு அவுன்ஸ். ஆகவே பதினாறு சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியென்றால் அது பதினாறாம் நம்பர் நூல். பக்கத்துப் பிள்ளையின் சிட்டம் அரை அவுன்ஸ்தான் இருக்கிறது. அதே நீளம்தான், எடை பாதி. அவள் நூற்றது முப்பத்திரண்டாம் நம்பர். எடை குறையக் குறைய நம்பர் ஏறுகிறது! இன்று ஏழாம் வகுப்பில் எதிர் விகிதம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பத்து ஆட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினால் என்று கேட்கிறோமே, அந்தக் கணக்கு இங்கே பிள்ளையின் விரல் நுனியில் இருக்கிறது. யாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாடம் அதோடு நிற்கவில்லை. பஞ்சு எங்கிருந்து வந்தது? கரிசல் மண்ணிலிருந்து. அது பூகோளம். முன்னே இந்தப் பஞ்சு எங்கே போனது? கப்பலேறி லங்காஷயர் ஆலைக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்தது. அது சரித்திரம், அரசியல், பொருளாதாரம் எல்லாம். நூல் ஏன் முறுக்கினால் பலமாகிறது? அது விஞ்ஞானம். இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அந்த நூல் தறிக்குப் போகிறது. நூல் நன்றாக இல்லாவிட்டால் தறியில் அறுந்து அறுந்து நெய்கிறவரின் பொழுது வீணாகும். இந்தப் பிள்ளையின் வேலைக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார்!

அதுதான் நான் சொன்ன மீதிப் பாதி. முதல் கேள்வி, பள்ளிக்கூடத்தை யார் கூட்டுவது? இரண்டாவது கேள்வி, பிள்ளை செய்கிற வேலைக்கு யார் காத்திருக்கிறார்கள்? யாரும் காத்திராத வேலை விளையாட்டு. விளையாட்டும் வேண்டியதுதான். ஆனால் அதைக் கல்வித் திட்டம் என்று சொல்லிக் கட்டணம் வாங்கக் கூடாது. தோட்டம் போட்டால் அந்தக் கீரை மத்தியானம் யாருடைய தட்டிலாவது விழ வேண்டும். விழவில்லையென்றால் அது தோட்டமில்லை, புகைப்படத்துக்குப் பின்னால் இருக்கிற பச்சை.

காந்தி கிராமத்தில் நடந்த இன்னொரு செயல்திட்டத்தைச் சொல்கிறேன். 1957இல் வினோபா பாவே கேரளத்தில் சாந்தி சேனையைத் தொடங்கினார். ஆயுதமில்லாத படை. மறு ஆண்டே, 1958இல், ராமச்சந்திரன் அதைக் காந்தி கிராமத்து மாணவர்களிடம் கொண்டுவந்தார். கூட்ட நெரிசலை ஒழுங்குபடுத்துவது, முதலுதவி, துப்புரவு, இரண்டு தரப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும்போது நடுவில் போய் நின்று பேசுவது, இவற்றில் மாணவர்களுக்குப் பயிற்சி. அகிம்சையை ஒழுக்கப் பாடமாக வாசித்துவிட்டுப் போகவில்லை, உடற்பயிற்சியைப் போல நாள்தோறும் பழகினார்கள். அடுத்த ஆண்டு, 1959இல், அமெரிக்காவிலிருந்து ஒருவர் தன் மனைவியோடு இந்தியாவுக்கு வந்தார். மாண்ட்கோமரி பஸ் மறியலை நடத்தி வென்றவர், மார்ட்டின் லூதர் கிங். அவர் காந்தி கிராமத்துக்கும் வந்தார். நம் சின்னாளபட்டிப் பக்கத்துக்குத்தான்! கறுப்பின மக்களின் விடுதலைக்கு வழி தேடி வந்தவருக்கு நம் மாவட்டம் காட்டிய இடம் ஒரு கல்விக்கூடம் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அய்யங்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில், 1926இல் பிறந்த ஒரு பெண். காந்தி கிராமம் தோன்றும் முன்பே சௌந்தரம் அம்மா மதுரையில் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவர். கீழ்வெண்மணியில் 1968இல் நாற்பத்துநான்கு உயிர்கள் தீயில் போன பிறகு, தன் கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்குப் போய் உட்கார்ந்து, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர். ஆமாம், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்தான். ஒரு பெண்ணைப் படிக்க வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைத்தான் நான் காட்டுவேன்.

இவ்வளவு நல்ல கல்வி ஏன் நிலைக்கவில்லை? இந்த அரங்கில் சிலர் மனதில் இன்னொரு கேள்வியும் ஓடும். எனக்குத் தெரிகிறது. "கைத்தொழில், கைத்தொழில் என்கிறீர்களே, இது குலக்கல்வி இல்லையா?"

கேட்க வேண்டிய கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி!

1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் எதிர்த்தார், திராவிட இயக்கம் எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரி என்பதுதான் என் உறுதியான கருத்து. வீட்டுத் தொழில் என்றால் என்ன? சவரத் தொழிலாளியின் பிள்ளை கத்தியைப் பிடிக்க வேண்டும், சலவைத் தொழிலாளியின் பிள்ளை வெள்ளாவி வைக்க வேண்டும், தோட்டியின் பிள்ளை? அந்த இடத்தில் வாய் அடைத்துப் போகிறது. ஆயிரம் வருடமாகப் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வர முடியாதவர்கள் அப்போதுதான் உள்ளே கால் வைத்தார்கள். பாதி நாள் வெளியே போ என்றால் எப்படிப் பொறுப்பார்கள்?

ஆனால் நண்பர்களே, ஆதாரக் கல்வியின் விதி இதற்கு நேர் எதிரானது. அங்கே எந்தப் பிள்ளைக்கும் அப்பன் தொழில் என்று ஒன்று கிடையாது. அய்யர் வீட்டுப் பிள்ளையும் விளக்குமாறு எடுக்கும், பண்ணையார் பிள்ளையும் எருக்குழி வெட்டும், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கிவைத்த தெருவிலிருந்து வந்த பிள்ளை எல்லோருக்கும் சோறு பரிமாறும். வேலையைச் சாதியிலிருந்து பிய்த்தெடுப்பதுதான் அந்தக் கல்வியின் உயிர்.

அப்படியும் மக்கள் ஏன் நம்பவில்லை? அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆதாரப் பள்ளிகள் கிராமத்தில் வந்தன, நகரத்தில் கான்வென்ட் வளர்ந்தது. ஆதாரக் கல்வியை மேடையில் புகழ்ந்த பெரியவர்கள் பலர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தக்ளி, அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் என்றால் யார்தான் ஏற்பார்கள்? பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்று காந்தி எண்ணினார். அந்தப் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் வாத்தியார் கங்காணி ஆகிவிடுவார் என்று ஜாகிர் உசேன் குழுவே எச்சரித்தது. பல ஊர்களில் அந்த எச்சரிக்கையை யாரும் கேட்கவில்லை. நூல் கணக்கு ரிஜிஸ்டரில் ஏறியது, பாடம் தனியாக நடந்தது, இரண்டும் சந்திக்கவே இல்லை. 1966இல் கோத்தாரி கல்விக் குழு அதை 'வேலை அனுபவம்' என்று சுருக்கியது. 1977க்குப் பிறகு அது எஸ்.யூ.பி.டபிள்யூ., அதாவது 'சமூகப் பயனுள்ள ஆக்க வேலை', என்று ஒரு பீரியட் ஆனது. ஐஸ்கிரீம் குச்சியில் வீடு கட்டிக் காட்டுகிற பீரியட்.

இன்னொரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. இன்றும் நாளிதழைத் திறந்தால், எங்கோ ஒரு பள்ளியில் தலித் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று செய்தி வருகிறது. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்லியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. சாதி பார்த்து ஒரு பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். அப்படிச் செய்கிறவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், 'பிள்ளைகள் கூட்டட்டும்' என்று பொத்தாம்பொதுவாக நான் சொல்ல மாட்டேன். முதலில் விளக்குமாறு எடுக்க வேண்டியவர் தலைமையாசிரியர். அடுத்தவர் தாளாளரின் பிள்ளை. அதற்குப் பிறகு அகர வரிசைப்படி முறை வைத்து எல்லோரும். கையுறை வேண்டும், நீளமான பிரஷ் வேண்டும், போதுமான தண்ணீர் வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையும் ஒரு துடைப்பத்தையும் தொட வேண்டாம். ஜப்பானில் நாள்தோறும் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் துடைக்கிறார்கள். அங்கே அது யாருக்கும் இழிவாகத் தோன்றவில்லை. ஏன்? விலக்குப் பெற்றவன் அங்கே ஒருவனும் இல்லை. விலக்கு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் இழிவு குடியேறுகிறது.

இந்தக் கல்வி தமிழ்நாட்டில் அடியோடு அற்றுப்போகவில்லை என்பதில் எனக்கு நம்பிக்கை. ஆனைகட்டியில் வித்யா வனம் 2007 முதல் இருளர் குழந்தைகளோடு நடக்கிறது. திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி 2009 முதல் நடக்கிறது. மலையைப் பசுமையாக்கும் பணியோடு பின்னிப் பிணைந்த பள்ளி அது. நகரத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் அங்கே ஒரே வகுப்பில். மொட்டையாகக் கிடந்த சரிவில் பிள்ளைகள் கன்று நடும்போது, அந்த வேலைக்கு ஒரு மலையே காத்திருக்கிறது!

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் கொடைக்கானலில்தான் தங்கியிருந்தார். மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் எழுதாத மழலையர் பள்ளி இன்று நம் ஊரில் எத்தனை இருக்கிறது? அந்த அம்மையாரின் வகுப்பில் மூன்று வயதுக் குழந்தை தான் குடித்த டம்ளரைத் தானே கழுவும், சிந்திய தண்ணீரைத் தானே துடைக்கும். பெயரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோம், டம்ளர் கழுவுவதை அங்கேயே விட்டுவிட்டோம். ஆயாம்மா கழுவுகிறார்.

இப்போது பெற்றவர்களைப் பார்த்து நேரடியாகப் பேசுகிறேன். அடுத்த மாதம் நீங்கள் அட்மிஷனுக்குப் போவீர்கள். ரிசல்ட் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, வேன் வருமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள். உங்கள் பள்ளியில் கூட்டுகிறவர், சமைக்கிறவர், ஆயாம்மா, இவர்களை என் பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிடும்? பெயர் சொல்லியா, அக்கா என்றா, அம்மா என்றா? கல்வி உரிமைச் சட்டத்தின்படி நுழைவு வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உண்டே, தனிக் கட்டணம் வாங்கும் நீச்சலும் ரோபோட்டிக்ஸும் நடக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? அப்படியானால் அந்தச் செயல்திட்டம் என் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்கிற துணிவு நமக்கு வருமா? வர வேண்டும்!

தாளாளர்களே, ஆசிரியர்களே, உங்களைக் குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன்.

நம் ஊரில் பிள்ளைகளுக்கு வேலை இல்லையா? திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்குள் நெம்புகோல் எப்படி இயங்குகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டறைக்குப் போய்ப் படம் வரைந்து எழுதிவைத்தால், அந்தக் கைவேலை தெரிந்த கடைசித் தலைமுறையின் அறிவு ஒரு நோட்டிலாவது மிஞ்சும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை ஏறி இறங்குவதை ஒரு வருடம் நாள்தோறும் குறித்து வரைபடம் போட்டால், அதைவிடச் சிறந்த பொருளாதாரப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது தண்ணீர். நம் ஊர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைச் சுற்றுவட்டாரத்து விவசாயிகளைக் கேளுங்கள். கிணறு இருக்கும், தண்ணீர் இருக்கும், வாயில் வைக்க முடியாது. தென்னை காயும். 1996இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றித் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த உடனே கிணற்றிலிருந்து உப்பு வெளியேறிவிடுமா? இன்று எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு? யார் மாதா மாதம் அளக்கிறார்கள்?

பேனா அளவில் ஒரு கருவி இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பிள்ளையின் ஒரு மாத வேன் கட்டணம்கூட ஆகாது. கிணற்று நீரை டம்ளரில் எடுத்து அதை முக்கினால், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று காட்டிவிடும். குடிநீருக்கு 500க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் நால்வராகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு கிணறு. மாதத்தின் முதல் சனிக்கிழமை. கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளப்பது ஒருவர், மீட்டரைப் பிடிப்பது ஒருவர், எழுதுவது ஒருவர், கிணற்றுக்காரரோடு பேசுவது ஒருவர். அடுத்த மாதம் வேலை மாறும். கூடவே பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி. வானிலைத் துறை அளக்கிற அதே காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். மழை பெய்தால் எத்தனை மாதத்தில் எந்தக் கிணற்றில் உப்பு இறங்குகிறது என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். கணக்கு வந்துவிட்டது, வேதியியல் வந்துவிட்டது, புவியியல் வந்துவிட்டது. கிணற்று மேட்டில் நின்று ஒரு விவசாயியோடு மரியாதையாகப் பேசத் தெரிந்துவிட்டது. தமிழில் ஓர் அறிக்கை எழுதத் தெரிந்துவிட்டது. அந்த அறிக்கையைக் கிராம சபையில் பிள்ளைகளே வாசிக்கட்டும். கருவியை அளப்பதற்கு முன்னும் பின்னும் உப்புக் கரைசலில் சரிபார்க்க வேண்டும், ஒரு கிணற்றின் கணக்கைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதையும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். தவறான கணக்கைப் படித்தால் ஊரே எழுந்து கேட்கும் என்கிற பொறுப்பு எந்தத் தேர்வு அறையிலும் வராது.

கான்வென்ட் பிள்ளையும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இங்கே பத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவைத் தலைவர் சொன்னார். பத்தும் வேண்டாம், இரண்டு பள்ளி முன்வந்தால் ஜூன் முதல் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். கிணறுகளின் பட்டியலுக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் அது இருக்கும். பள்ளியின் பெயரையும், பொறுப்பு ஆசிரியரின் பெயரையும் எழுதுங்கள். கிணறு வைத்திருக்கிற விவசாயிகள் யாராவது இந்த அரங்கில் இருந்தால், அவர்கள் முதலில் எழுதட்டும்.